கிறிஸ்தவர்களுக்குள் இத்தனை பிரிவுகள் இருக்கும்போது, எல்லாரும் ஏற்கும் அடிப்படை விசுவாசம் என்று ஒன்று உண்டா?

உண்டு, பலரும் நினைப்பதைவிடச் சுருக்கமானது அது. கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாய் இருக்கிறார். குமாரனே இயேசுவாக மனிதரானார். நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், நியாயந்தீர்க்க மறுபடியும் வருவார். மீட்பு கடவுளின் கிருபை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், புராட்டஸ்டண்டுகள், பெந்தெகொஸ்தேயினரில் மிகப் பெரும்பாலோர் ஆகியோரிடையே இதில் சண்டை இல்லை. திரித்துவத்தை மறுக்கும் யெகோவா சாட்சிகளை இந்த வட்டத்துக்குள் மற்றவர்கள் சேர்ப்பதில்லை.

என்னைக் கேட்டால், இவற்றில் அச்சாணி உயிர்த்தெழுதல்தான். சுமார் கி.பி. 55இல் கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: கேபா (பேதுரு), பன்னிரு சீடர்கள், ஒரே வேளையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வேறு சேர்க்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் தம் பிரசங்கமும் வீண், கேட்பவர்களின் விசுவாசமும் வீண் என்று அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். தன் மதமே பொய்யாகிவிடக்கூடிய இடத்தைத் தானே சுட்டிக்காட்டும் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

இங்கே கிறிஸ்தவர்களே அடிக்கடி கோட்டை விடுவார்கள். ஆத்துமா பரலோகம் போய்ச் சேர்வதோடு கதை முடிந்தது என்று பேசுவார்கள். சபைகள் ஆராதனையில் சொல்லும் சுருக்கமான விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணமோ சரீரமும் உயிர்த்தெழும் என்கிறது. படைத்த உலகைக் கடவுள் தூக்கி எறிவதில்லை, புதிதாக்குகிறார் என்ற நம்பிக்கை இதில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பிரமாணத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசுவின் பிறப்பிலிருந்து ஒரே தாவாக அவருடைய பாடுகளுக்குப் போய்விடும். மலைப்பிரசங்கமோ உவமைகளோ அதில் இல்லை. ஆனால் பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் பெயர் இருக்கிறது. இது புராணக் காலத்தில் நடந்ததல்ல, இன்னார் ஆட்சியில் நடந்தது என்று தேதி குறிப்பது போல.

கிறிஸ்துவின் தெய்வத்துவம் வாக்குவாதமின்றி நிலைபெற்றதல்ல. குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு வேளை இருந்தது என்றார் அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அந்த அறிக்கையில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு விரிவடைந்தது. ஏன் இவ்வளவு பிடிவாதம்? சிலுவையில் தொங்கியது இன்னொரு படைப்புதான் என்றால், கடவுள் தாமே நம்மை மீட்டார் என்று சொல்ல வழியில்லாமல் போகிறது.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, போப்பின் அதிகாரம் எதுவரை, திருவிருந்தில் அப்பமும் ரசமும் உண்மையில் என்ன ஆகின்றன என்பவை கனமான கேள்விகள்தான். சபைகள் பிரிந்ததும் இப்படிப்பட்டவற்றால்தான். தசமபாகம், ஆவியின் ஏவுதலால் அந்நிய பாஷை பேசுவது, பூமியின் வயது ஆகியவற்றையும் சிலர் அடிப்படைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட நிசேயா அறிக்கையில் இல்லை. லூத்தர் காலத்தில் சபையைப் பிளந்த 'நீதிமானாக்கப்படுதல்' (பாவியான மனிதரைக் கடவுள் நீதிமானாக ஏற்பது) பற்றிக்கூட, லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, அடிப்படை உண்மைகளில் தங்களுக்குள் ஒருமித்த கருத்து உண்டு என்று அறிவித்துவிட்டன.