இரண்டாம் பாகம் கேட்கும் மகளும் முதல் பாகத்தை விடாத மாமாவும்

கேள்வி: நானும் என் அண்ணனும் சின்ன வயதில் 'தி ஸ்னோமேன்' அனிமேஷன் படத்தைக் கேசட் தேயத் தேயப் பார்த்தவர்கள். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு நாய் வயதாகி இறந்துவிட்டது. என் 7 வயது மகள் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாள். மனசு மாறட்டும் என்று அந்தப் படத்தின் இரண்டாம் பாகமான 'தி ஸ்னோமேன் அண்ட் தி ஸ்னோடாக்' போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் அதையேதான் கேட்கிறாள். அண்ணன் வந்தபோது கொதித்துப்போனார். "காசுக்காக எடுத்த படம். நல்ல கதையின் முடிவைக் கெடுத்து, நாய்க்கு உயிர் கொடுத்து, குழந்தைக்குப் பொய் சொல்கிறது" என்றார். பழைய படத்தை அவரே போட்டும் காட்டினார். கடைசியில் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இப்போது "மாமா படம் வேணாம்" என்கிறாள். நேற்று எங்கள் நாயின் பெல்ட்டை எடுத்துவந்து, "இதை மாட்டினா நம்ம நாயும் வந்துடுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அண்ணன் சொல்வதுதான் சரியா? புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெல்ட் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். அண்ணனுடைய கோபம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

"வராதுடா கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். "தெரியலையே", "பார்க்கலாம்" என்று மழுப்பினால், அவள் அந்தப் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு, அவளுக்குப் பிடித்த அந்தப் படத்தையே அவளோடு உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். நடுவில், படத்தில் வரும் சிறுவன் பில்லியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பில்லியோட பழைய நாய் இப்ப எங்கே?"

படத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பில்லியிடம் இருந்த நாய் இறந்துபோகிறது. வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் அவனுக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. அதில் ஒரு தொப்பி, ஒரு மஃப்ளர், ஒரு பனிமனிதனும் சிறுவனும் இருக்கும் பழைய புகைப்படம். அவன் ஒரு பனிமனிதனைச் செய்கிறான், கூடவே ஒரு பனிநாயையும் செய்கிறான். காதுகளுக்குக் காலுறைகள், அதுவும் ஜோடி சேராத காலுறைகள். ராத்திரி இரண்டும் உயிர் பெறுகின்றன. வடதுருவத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு பெல்ட்டைப் பரிசாகக் கொடுக்கிறார். அதை மாட்டியதும் பனிநாய் நிஜ நாயாகிறது. உயிர் பெறுவது பனிநாய்தான். செத்துப்போன நாய் படம் முடியும்வரை திரும்பி வருவதே இல்லை. பெல்ட்டும் பழைய நாயுடையது அல்ல, புதிது. இறந்தது இறந்ததுதான் என்று இந்தப் படமும் ஒப்புக்கொள்கிறது. அதைச் சொன்ன கையோடு இன்னொரு நாயையும் தருவதால், அந்த உண்மை பலர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. உங்கள் மகளுக்கும் அது படவில்லை. நீங்கள்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

நாய்க்குட்டி விஷயத்தில் அவசரம் வேண்டாம். இப்போது வாங்கிக் கொடுத்தால், பெல்ட் போட்டதால் வந்த நாய் என்றே அவள் மனசில் பதியும். அவளாக "வேற நாய் வளர்க்கலாமா" என்று கேட்கட்டும். 'நம்ம நாய்' என்பது 'வேற நாய்' ஆகும்போதுதான் அவள் தயார் என்று அர்த்தம்.

இனி அண்ணன். 'தி ஸ்னோமேன்' 1982 டிசம்பரில், பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் ஒளிபரப்பான படம். இரண்டாம் பாகம் வந்தது 2012இல், சரியாக 30 ஆண்டு கழித்து. பார்த்தவர்கள் அன்றும் இரண்டு கட்சி, இன்றும் இரண்டு கட்சி. உங்கள் அண்ணன் சொல்வதை வேறு பலரும் அதே சூட்டோடு சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி எனக்கு ஏற்புடையது, பாதி இல்லை.

காசுக்காக எடுத்தது என்பது எனக்கு ஏற்பில்லை. மூலப் புத்தகத்தை வரைந்த ரேமண்ட் பிரிக்ஸ் பல ஆண்டுகள் இரண்டாம் பாகத்துக்கு இடம் கொடுக்கவே இல்லை. சூட்டோடு சூடாக இன்னொன்று எடுத்துக் கல்லா கட்ட வேண்டும் என்றால் 1983இலேயே எடுத்திருக்கலாம். 2012 படத்தை இயக்கிய ஹிலரி ஆடஸ், முதல் படத்திலேயே அனிமேஷன் வேலை செய்தவர். முதல் படத்தின் தயாரிப்பாளர் ஜான் கோட்ஸ் இதற்கும் துணை நின்று, ஒளிபரப்புக்குச் சில மாதங்கள் முன்பு காலமானார். முதல் படத்தை இயக்கிய டயேன் ஜாக்சன் 1992லேயே இறந்துவிட்டார். கணினியில் சுலபமாக முடித்திருக்கக்கூடிய காலத்தில், 2012 படக்குழுவினர் கையால் வரையும் பழைய முறையையே பிடித்துக்கொண்டார்கள். பழைய படத்தில் க்ரேயான் தீற்றல்கள் ஒவ்வொரு சட்டத்திலும் லேசாக மாறி, பனியே மூச்சு விடுவதுபோல் துடித்துக்கொண்டிருக்கும். புதியதிலும் அந்தத் துடிப்பைக் கொண்டுவர உழைத்திருக்கிறார்கள். காசு ஒன்றே குறி என்றிருந்தால் இதெல்லாம் தேவையில்லை.

காசு துரத்திய தொடர்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் உண்டு. டிஸ்னியின் 1933ஆம் ஆண்டு மூன்று பன்றிக்குட்டிகள் படம் சக்கைப்போடு போட்டது. இன்னும் பன்றிகள் வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் நச்சரிக்க, 1934, 1936, 1939 என்று மூன்று முறை அதே பன்றிகள் வந்தன. முதல் படத்தின் வெற்றி எதற்கும் வாய்க்கவில்லை. பன்றிகளை வைத்துப் பன்றிகளை மிஞ்ச முடியாது என்று வால்ட் டிஸ்னியே சொல்லிவிட்டார்.

'முடிவைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டுக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் உயிராக நினைக்கும் முதல் படம், அதற்கு மூலமான 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தை அப்படியே எடுக்கவில்லை. புத்தகத்தில் வடதுருவம் கிடையாது, கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாது, கிறிஸ்துமஸே கிடையாது. பனிமனிதனும் சிறுவனும் பறந்துபோய்க் கடலோரத்தில் நின்று சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், அவ்வளவுதான். தாத்தாவும் விருந்தும் நடனமும் படக்குழு சேர்த்தவை. ஒரு கலைஞரின் கதையை இன்னொருவர் தொட்டு வளர்த்தது 1982லேயே நடந்துவிட்டது. அன்று அது பலித்தது. தொட்டதே பாவம் என்று 2012 படத்தை மட்டும் தள்ளிவைப்பது நியாயமாகப் படவில்லை.

ஆனால் அன்று சேர்த்தவர்கள் ஒன்றை மட்டும் தொடவில்லை: பனிமனிதன் உருகிப்போவதை. காலையில் சிறுவன் ஓடிவருகிறான். பனிமனிதன் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குவியல், அதன்மேல் தொப்பியும் மஃப்ளரும். பையில் கை விடுகிறான். ராத்திரி தாத்தா கொடுத்த, பனிமனிதன் உருவம் போட்ட மஃப்ளர் வருகிறது. நடந்ததெல்லாம் நிஜம் என்று தெரிந்துவிடுகிறது, அதனாலேயே இழப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. மண்டியிடுகிறான். பின்னால் யாரும் வந்து தோளைத் தொடுவதில்லை. கதை முடிகிறது. குழந்தைகளுக்கான படத்தில் இவ்வளவு நேர்மையான முடிவை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லா உயிரும் போகும், அது இயல்பு, அதில் சோகம் சொட்ட ஒன்றுமில்லை என்பதுதான் பிரிக்ஸின் பார்வை.

இரண்டாம் பாகத்திலும் பனிமனிதன் உருகத்தான் செய்கிறான். ஆனால் பில்லியின் பக்கத்தில் நாய் இருக்கிறது. அந்த நாய் வந்த மாத்திரத்தில் பனிமனிதனின் இழப்பு சற்று ஓரமாகப் போய்விடுகிறது. இந்த இடத்தில் உங்கள் அண்ணன் கட்சிதான் நானும். கலை என்று பார்த்தால் முதல் படம் ஒரு படி மேலே. செய்வது, ராத்திரி உயிர் பெறுவது, பறப்பது, விருந்து, காலை என்று அதே வரிசையில் போவதும் குறைதான்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் படத்துக்காக ஹோவர்ட் பிளேக் எழுதிய 'வாக்கிங் இன் தி ஏர்' பாட்டுக்கு ஈடாக, இரண்டாம் பாகத்தில் ஆண்டி பரோஸ் பாடிய புதுப்பாட்டு நிற்கவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் அதே வருத்தம். பழையதில் ஒரு சிறுவனின் குரல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் மேலே போகும், அந்தத் தனிமைதான் பறத்தல். புதியது இனிமையான பாட்டு, ஆனால் பெரியவர் குரல். பழைய படத்தில் பாடியது ஏலட் ஜோன்ஸ் என்று பலர் சத்தியம் செய்வார்கள். பாடியது பீட்டர் ஆட்டி. ஜோன்ஸ் பாடிய பதிவு 1985இல் வெளிவந்து புகழ்பெற்று, நினைவில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் இருந்தும், உங்கள் வீட்டில் இந்த நேரத்துக்கு ஏற்ற படம் இரண்டாவதுதான். நாயைப் பறிகொடுத்து இன்னும் ஆறாத குழந்தை, யாருமே வந்து தொடாத அந்தக் கடைசி நிமிடத்தை எப்படித் தாங்குவாள்? அண்ணன் அதைப் பார்த்தபோது அவருக்கு எதையும் பறிகொடுத்த வலி இருந்திருக்காது. அவருக்குக் கிடைத்தது அழகான சோகம். உங்கள் மகளுக்கு அது அவள் நாயின் சாவு.

பழைய படத்தை அவளே கேட்கும்வரை போட வேண்டாம். கேட்கும் நாளில், அழுவாளே என்று பயந்து பறக்கும் காட்சியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். அழுதால் அழட்டும். "அது வெறும் பொம்மைப் படம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அண்ணனிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அவளுக்குப் பிடித்த படத்தை அவள் காதுபடப் பொய் என்று சொல்ல வேண்டாம். அதற்குப் பதிலாக, பனிமனிதன் சிறுவனை மோட்டார் பைக்கில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் பறக்கும் காட்சியை அவர் தன் வாயால் கதையாகச் சொல்லட்டும். 'மாமா படம்' என்ற பயம் அதில் கொஞ்சம் கரையும். இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். உடன்பாடு இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன். பாட்டு விஷயத்தில் அவருக்கும் எனக்கும் சண்டை வராது என்று நினைக்கிறேன்.