வயிற்றுக்குள் இருக்கும் தையல்

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த மாதம் என் மனைவிக்கு எடையைக் குறைப்பதற்கான ஸ்லீவ் ஆபரேஷன். எடை 118 கிலோ, சர்க்கரையும் உண்டு. அதே ஆபரேஷன் செய்துகொண்ட உறவினர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. மூக்கில் ஒன்று, வயிற்றில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று என்று உடம்பெல்லாம் குழாயாம். எதற்கு இத்தனை? எடுக்கும்போது வலிக்குமா? வீட்டுக்கு வந்தபின் புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது? மஞ்சள் வைக்கலாம் என்கிறார் என் அம்மா.

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற புண்ணைப் பற்றி. இந்த ஆபரேஷனில் பெரிய புண் உள்ளே இருக்கிறது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்டேப்ளர் பின்களால் தைத்து மூடிவிடுகிறார்கள். வெளியே தெரிவது நாலைந்து சிறு துளைகள்தான். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை மட்டும் சற்றுப் பெரிது. வலியும் அங்கேதான் அதிகம் இருக்கும். சர்ஜரி வார்டில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், உறவுக்காரர்கள் துளைகளையும் குழாய்களையுமே பார்த்துக் கவலைப்படுவார்கள். நோயாளியின் நாடித் துடிப்பை யாரும் கேட்டதில்லை.

சிறுநீர்க் குழாயைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாள் காலையிலோ எடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பலூனின் தண்ணீரை உறிஞ்சியதும் வழுக்கி வந்துவிடும். முதல் தடவை சிறுநீர் போகும்போது கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். மூக்கு வழியாகப் போகும் ரைல்ஸ் ட்யூபை இப்போது பல டாக்டர்கள் வைப்பதே இல்லை. வைத்திருந்து, அது தப்பித்தவறி வெளியே வந்துவிட்டால், வார்டில் யாரும் அதைத் திரும்பச் செருகக் கூடாது. உள்ளே புதுத் தையல் இருக்கிறது, குழாயின் நுனி அதைக் குத்திவிடும். சர்ஜனுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

வயிற்றில் இருப்பது ட்ரெய்ன் (drain), உள்ளே தேங்கும் நீரை வெளியே எடுக்கும் குழாய். இதையும் எல்லோருக்கும் வைப்பதில்லை. மெல்லிய குழாயின் ஒரு முனை அந்தத் தையலுக்குப் பக்கத்தில் இருக்கும், மறுமுனையில் அமுக்கினால் உறிஞ்சும் ஒரு குமிழ். நர்ஸ் அதைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதிவைப்பார். முதல் நாள் சிவப்பாக வரும், பிறகு வெளுத்து இளமஞ்சளாகும். எடுக்கும்போது பிடித்திருக்கும் நூலை வெட்டிவிட்டு, மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். வயிற்றுக்குள் எதையோ உருவுவது போல இருக்கும், சில வினாடிகளில் முடிந்துவிடும். அந்த ஓட்டை ஓரிரு நாள் கசிந்து துணியை நனைக்கும். பயப்பட வேண்டாம், தானாக மூடிக்கொள்ளும். ட்ரெய்னோடு வீட்டுக்கு அனுப்பினால், குமிழைத் தொடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகவோ, கலங்கலாகவோ, நாற்றத்தோடோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

ஆனால் ட்ரெய்னில் தெளிவாக வருகிறது என்பதற்காக உள்ளே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். தையலில் கசிவு ஏற்பட்டாலும் அது குழாய்க்கு வராமல் வேறு பக்கம் தேங்கலாம். குழாயை எடுத்து, வீட்டுக்கு வந்த பிறகும் கசியலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாடிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் அடித்தால், வயிற்றுவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், அது நடுராத்திரியாக இருந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். கேஸ் என்று மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிப்பது வேறு. ஆபரேஷனுக்காக வயிற்றில் நிரப்பிய கரியமில வாயு செய்யும் வேலை அது, எழுந்து நடக்க நடக்கக் குறையும். பல நாள் கழித்துக் காய்ச்சலோடு புதிதாக வரும் தோள்வலியை அப்படி விடக் கூடாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே காட்டுங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மஞ்சள் வேண்டாம். விபூதி, தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல என்று அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றதும், பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து, சோப்பு நுரை மேலே வழிந்தோட ஊற்றிக் குளிக்கலாம். தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துளைகள் முழுக்க ஆறும்வரை காவிரிக் குளியல் கூடாது. தோல் பசை போட்டிருந்தால் பிய்க்காதீர்கள், தானே உதிரும். பருத்த வயிற்றில் சதை மடிப்புக்குள் வியர்வை தங்கித்தான் புண் கெடும். திருச்சி வெயிலில் மடிப்பைத் தூக்கித் துடைத்து ஃபேன் காற்றில் உலரவிடுவதுதான் பெரிய வைத்தியம். சுற்றிச் சிவந்து பரவினாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள். சர்க்கரை இந்த ஆபரேஷனுக்குப் பின் சீக்கிரம் இறங்கும், பழைய அளவில் மாத்திரை போட்டால் மயக்கம் வரலாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே புது அளவைக் கேட்டுவிடுங்கள்.

இனி உள்ளே இருக்கும் புண். அதற்குக் கட்டுப்போட முடியாது, சாப்பாடுதான் அதற்கு வைத்தியம். முதல் இரண்டு வாரம் திரவ உணவு, பிறகு மசித்தது என்று டாக்டர் சொல்வது அந்தத் தையல் ஆறுவதற்காகவும்தான். "ஒரே ஒரு இட்லி என்ன செய்துவிடும்" என்று வருகிற சொந்தக்காரர்களிடமிருந்து மனைவியை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். மருந்து அளக்கும் குவளையில் ஒரு தடவைக்கு 30 மில்லி எடுத்துக் கால் மணி நேரம் வைத்து உறிஞ்சினால் போதும். வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரைப்பைப் புண்ணுக்கு அது ஆகாது.

அட்மிஷனுக்கு முன்பே சர்ஜனிடம் உங்கள் மனைவியே கேட்கட்டும்: எனக்கு எந்தெந்தக் குழாய் வைப்பீர்கள், எதை எப்போது எடுப்பீர்கள்? பாதிப் பயம் அங்கேயே போய்விடும். ராத்திரியில் கூப்பிட வேண்டிய நம்பரையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா