போயிட்டு வா, எரென்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இதை உங்களிடம் கேட்கிறேன். கல்லூரி முதலாண்டில் 'அட்டாக் ஆன் டைட்டன்' படிக்க ஆரம்பித்தேன். முடிந்தபோது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாதம் ஓர் அத்தியாயம் என்று காத்திருந்து படித்தவன். அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. டைட்டன் என்னும் அரக்கர்களை ஏவி உலகில் பத்தில் எட்டுப் பேரைக் கொன்ற நாயகன் எரென், தன்னோடு வளர்ந்த மிகாசாவை நினைத்து, "மிகாசா பத்து வருடமாவது என்னையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்" என்று சின்னப் பையன் மாதிரி அழுகிறான். நண்பன் ஆர்மின் அவனுக்கு நன்றி சொல்கிறான். இரண்டாயிரம் வருடம் முன்பு முதல் டைட்டனான யிமிர், தன்னை அடிமையாக வைத்திருந்த அரசனைக் காதலித்தாளாம். இதற்காகவா இத்தனை வருடம் காத்திருந்தேன்?

இப்போது என் தங்கை அந்தக் கதையின் அனிமேஷன் தொடரான அனிமேயைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். முடிவைச் சொல்லி இப்போதே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்., சேலம்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் முடிவு முழுக்க வந்துவிட்டது. நானும் எதையும் மறைக்காமல்தான் எழுதப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வந்தால் நல்லது.

உங்கள் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். 2021 ஏப்ரல் 9 அன்று 139ஆம் அத்தியாயம் வந்தது. ஆர்மின் பேசும் அந்த இடத்தில் நானும் நின்றுவிட்டேன். "எங்களுக்காகக் கொலைகாரனாக ஆனாயே, நன்றி" என்பதுதான் அந்த வரியின் பொருள். ஆர்மின் யார்? கடல் என்று ஒன்று இருக்கிறது, நெருப்பு ஆறு இருக்கிறது, பனி நிலம் இருக்கிறது என்று ஒரு புத்தகத்தைத் திறந்து நண்பனுக்குக் காட்டிய குழந்தை. அவன் வாயிலிருந்து அந்த நன்றி வரவே வராது. நண்பனின் பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்று சொல்லவைக்க ஆசிரியர் நினைத்திருக்கலாம். பக்கத்தில் விழுந்ததோ சான்றிதழ் கொடுப்பது போன்ற வரி.

இதை ஆசிரியரும் உணர்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். 2023 நவம்பரில் அனிமேயின் இறுதிப் பகுதி வந்தபோது ஹஜிமே இசயாமா அந்த உரையாடலைத் தானே திருத்தி எழுதிக்கொடுத்தார். அதில் அந்த நன்றி இல்லை. வெளியுலகக் கனவை உன் தலையில் ஏற்றியது நான்தான் என்கிறான் ஆர்மின். நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். அதுதான் ஆர்மின். நீங்கள் மங்காவோடு நிறுத்திக்கொண்டவர் என்றால் அந்த ஒரு காட்சியை மட்டுமாவது பாருங்கள். இரண்டரை வருடம் கழித்து ஓர் எழுத்தாளர் தன் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது எளிதான காரியம் இல்லை.

யிமிர் விஷயத்திலும் உங்கள் பக்கம்தான். இரண்டாயிரம் வருட அடிமைத்தனத்துக்கு ஓரிரு பக்கத்தில் காரணம் சொல்லி முடித்துவிட்டார். சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். அடிக்கிறவனை விட்டு வர முடியாமல், அவன் ஒருநாள் முகம் கொடுத்துப் பேசுவான் என்று காத்திருக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்குக் காதல் என்ற ஒற்றைச் சொல் போதாது. இன்னும் இரண்டு அத்தியாயம் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, எரென் அழுவதற்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த அழுகை திடீரென்று வந்ததா? 131ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். தான் மிதித்துக் கொல்லப்போகும் அகதிச் சிறுவன் ரம்சியின் முன்னால் எரென் அழுகிறான். அவன் பேசுவது அந்தப் பையனுக்குப் புரியாது. புரியாது என்பதால்தான் உண்மையைச் சொல்கிறான். தான் வளர்ந்த இடத்தைச் சூழ்ந்த பெரிய சுவருக்கு வெளியே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்தபோது தனக்கு ஏமாற்றமாக இருந்தது என்கிறான். அதே அத்தியாயத்தில், கீழே ஊர்கள் நசுங்கிக்கொண்டிருக்கும்போது மேகங்களுக்கு மேலே அவன் சிறுவனாக நின்று கைகளை விரித்துச் சிரிக்கிறான். நாம் பார்த்துப் பார்த்துப் பிரமித்த அந்த நீள முடிக்காரன், குளிர்ந்த கண்களோடு எல்லாவற்றையும் திட்டமிட்டவன், அவன் போட்டுக்கொண்ட வேஷம். உள்ளே அந்தப் பையன் வளரவே இல்லை. எரெனைப் பெரிய ஆளாக்கியது பெரும்பாலும் வாசகர்களாகிய நாம்தான். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் நடுவே கிடைத்த முப்பது நாளில் அவனை இன்னும் உயரமாக நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் 138. அதில் மிகாசாவுக்கு ஒரு நீண்ட கனவு வருகிறது. இருவரும் எல்லாவற்றையும் விட்டு ஓடிப்போய் மலையில் ஒரு சின்ன வீட்டில் வாழ்கிறார்கள். நான் செத்த பிறகு, சின்ன வயதில் உனக்குப் போர்த்திவிட்ட இந்தச் சால்வையைத் தூக்கிப் போட்டுவிடு, என்னை மறந்துவிடு என்று எரென் கேட்கிறான். அடுத்த அத்தியாயத்தில் ஆர்மினிடம் அழுகிறானே, அது இதன் மறுபாதி. மறந்துவிடு என்று அவளிடம் சொல்ல முடிந்தவனுக்கு, அவள் மறந்துவிடுவாளோ என்ற பயத்தை நண்பனிடம் மட்டும்தான் காட்ட முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் அது அசிங்கமாகத் தெரியாது. ஒரு மாத இடைவெளியில் படித்த நமக்கு அப்படித் தெரிந்தது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்தக் கதையின் முடிவு எரென் பேசும் இடத்தில் இல்லை. மிகாசா சொல்லும் ஒரு சொல்லில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் படித்த நமக்குக் கைநழுவிப் போய்விட்டது.

முதல் அத்தியாயத்தின் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் தூங்கும் எரெனின் கனவில் குட்டை முடியோடு மிகாசா ஒரு வரி சொல்கிறாள். விழித்தெழுந்து, உன் முடி நீளமாகிவிட்டதா என்று கேட்கிறான். ஏன் கண்ணில் நீர் என்று அவனுக்கே தெரியவில்லை. 2009இல் வந்த அந்தக் கட்டத்தை வைத்து எத்தனை வருடம் வாதாடினார்கள்! கதை காலச்சுழலில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று எத்தனை பேர் அடித்துச் சொன்னார்கள்! கடைசியில் 138இல், எரெனின் தலையை வெட்டி முத்தமிடும்போது குட்டை முடி மிகாசா அதே வரியைச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அது 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பொருளில் வந்தது. கொன்றவனிடம் அப்புறம் பார்க்கலாமா என்று நானும் குழம்பினேன்.

ஜப்பானிய மூலத்தில் அந்தச் சொல் 'இத்தெராஷ்ஷாய்'. அங்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தேகிமாஸ்' என்பார்: போயிட்டு வரேன். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார்: போயிட்டு வா. இதற்கு நமக்கு அடிக்குறிப்பு வேண்டுமா? "போறேன்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் எங்கள் பாட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சொல்லவைத்த பிறகுதான் செருப்பு மாட்ட விடுவார். திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது.

மிகாசா அவனை மன்னிக்கவில்லை. அவன் செய்ததை நியாயப்படுத்தவும் இல்லை. உலகத்தைக் காப்பாற்ற அவனைத் தன் கையாலேயே கொல்கிறாள். அதே நொடியில் வீட்டு வாசலில் நிற்பவள்போல அவனை வழியனுப்புகிறாள். மறந்துவிடு என்று கேட்டவனுக்கு இதுதான் அவள் பதில். யிமிர் இரண்டாயிரம் வருடமாகக் காத்திருந்தது இதற்கு: நேசித்துக்கொண்டே ஒருவனைத் தடுத்து நிறுத்த முடியும் என்று யாராவது ஒருத்தி செய்துகாட்டுவதற்கு. அதனால்தான் 139ஐவிட 138ஐ நான் முடிவாக எடுத்துக்கொள்கிறேன். 139 அந்த முடிவைப் பற்றிய பேச்சு. பேச்சு சறுக்கியது, உண்மை. முடிவு சறுக்கவில்லை.

இசயாமா தொடரை ஆரம்பித்தபோது அவருக்கு 23 வயது. ஓய்த்தா மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த ஓயாமா என்ற சின்ன ஊர்க்காரர். அங்கே இருக்கும் அணைக்கட்டின் பெரிய சுவரை அண்ணாந்து பார்ப்பதுபோல எரென், மிகாசா, ஆர்மின் மூவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். முடித்தபோது அவருக்கு 34. நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு 2023இல் கொடுத்த பேட்டியில், இளம் வயதில் மனதில் போட்டுவைத்த முடிவுக்கே தான் கட்டுப்பட்டுப் போனதாகவும், எரெனுக்குக் கிடைத்த சக்தியே எரெனைக் கட்டிப்போட்டதுபோலத் தனக்கும் ஆனதாகவும் சொல்லியிருந்தார். படித்தபோது மனம் கனத்துவிட்டது. சுதந்திரம் சுதந்திரம் என்று 139 அத்தியாயம் எழுதியவர் அவர்.

34ஆம் தொகுதியில் பின்னால் சேர்த்த பக்கங்களை நீங்கள் குறிப்பிடவில்லை. பார்த்தீர்களா? குடும்பத்தோடு அந்த மரத்தடிக்கு வரும் மிகாசா, வயதாகி வரும் மிகாசா, கடைசியில் அந்தச் சால்வையோடு அடக்கம் செய்யப்படும் மிகாசா. அவன் கேட்டது பத்து வருடம்தான். பிறகு எந்தக் காலத்திலோ அந்த ஊரும் போரில் அழிகிறது. அப்படியானால் இத்தனை சாவுக்கும் என்ன பயன் என்று நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. கொன்று குவித்தால் அமைதி வரும் என்று அந்தப் பக்கங்கள் சொல்லியிருந்தால்தான் கொதித்திருப்பேன்.

தங்கையை நிறுத்தாதீர்கள். எதையும் சொல்லவும் வேண்டாம். மிகாசாவின் அந்த வரி வரும்போது, சப்டைட்டிலில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல், "இது நம்ம வீட்ல சொல்ற 'போயிட்டு வா'தான்" என்று மட்டும் சொல்லிவைத்துவிடுங்கள். கடைசிப் பகுதியை அவள் பார்க்கும் அன்று நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு இருவரும் எனக்கு எழுதுங்கள். அவள் உங்களைவிடக் கோபமாக எழுதினாலும் சரிதான்.

அன்புடன்,
அக்கா