யூரியா மூடையும் ஒலுவில் கரையும்

ஐயா, வளர்ச்சியைத் துரத்தியது போதும், இயற்கையின் நலத்தைப் பார்ப்போம் என்று எழுதியிருந்தீர்கள். 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது எங்கள் நான்கு ஏக்கர் நெல்லும் மஞ்சளாகிக் குட்டையாக நின்றது. அடுத்த வருடம் நாட்டின் பொருளாதாரமே சுருங்கி, பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோம். நீங்கள் கேட்கும் உலகம் அதுதானா? வயிறு நிறைந்தவர்களின் பேச்சாகவே எனக்குப் படுகிறது.
- வாசகர், காரைதீவு

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயம்தான். நான் கொஞ்சம் மொட்டையாக எழுதிவிட்டேன். ஆனால் 2022ஐ என் தலையில் கட்டாதீர்கள். அது கடனும் டொலர் தட்டுப்பாடும் கொண்டுவந்த சரிவு. பட்டினி கிடப்பவனைப் பார்த்து விரதம் பிடிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லையே. உரத்தடையும் அந்த வகைதான்: மே மாதம் தடை, நவம்பரில் வாபஸ். அவ்வளவு அவசரத்துக்கு எந்த வயல் ஈடுகொடுக்கும்?

என் சண்டை வளர்ச்சியை அளக்கும் தேசிய உற்பத்திக் கணக்கோடு. உதாரணம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து துறைமுக வாசலும் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தென்னைகளோடு சேர்த்துத் தின்றது. கரைவலை இழுக்க முதலில் ஒரு கரை வேண்டும்! இனிக் கணக்கைப் பாருங்கள். துறைமுகம் கட்டிய செலவு தேசிய உற்பத்தியில் சேரும். அடைத்த மணலைத் தோண்டிய செலவும் சேரும். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லும் சேரும். போன தென்னைக்கும் காணிக்கும் அந்தக் கணக்கில் எதையும் கழிப்பதில்லை.

இந்தக் கணக்கை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸே, ஒரு நாட்டின் நலனை இதை வைத்து ஊகித்துவிட முடியாது என்று 1934இலேயே எழுதினார். கணக்கைப் பெற்றவரே சொல்லியும் நாம் கேட்கவில்லை.

அம்பாறையில் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் இன்னும் பெருக வேண்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை.

அப்புறம், உங்கள் வயல் வட்டையில் அறுவடைக்குப் பிறகு வைக்கோலை எரிக்கிறார்களா? எரித்தால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். அதை ஈடுகட்ட யூரியா மூடை வாங்குகிறோம், அந்த வியாபாரமும் வளர்ச்சியில் ஏறிவிடுகிறது. உங்கள் நான்கு ஏக்கரில் ஒரு மூலையிலாவது வைக்கோலை மடக்கி உழுது பார்த்ததுண்டா? அந்த மூலை 2021இல் எப்படி நின்றது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.