மூன்றே அளவுக்கு எதற்கு டிராப்டவுன்?

கேள்வி: ஆத்தங்குடியில் என் மாமா டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். ஆர்டர் எடுக்க ஓர் ஆப் எழுதிக் கொடுத்தேன். டிசைன், அளவு, பார்டர், தேதி, முகவரி எல்லாவற்றுக்கும் டிராப்டவுன், அதாவது தட்டினால் கீழே விரியும் பட்டியல். சதுர அடிக்கு மட்டும் விரலால் இழுத்து எண்ணை நிறுத்தும் ஸ்லைடர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் மாமாவுக்கே போன் போடுகிறார்கள். எங்கே எதை வைத்திருக்க வேண்டும்?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்து மாமா போனில் பேசுவதைக் கேளுங்கள். "எட்டு இஞ்சா, பத்தா, பன்னிரண்டா?" என்று மூன்றையும் சொல்லித்தான் கேட்பார். "அளவைத் தேர்ந்தெடுக்கவும்" என்று சொல்லிவிட்டு எதிராளி தட்டித் திறக்கட்டும் என்று காத்திருக்க மாட்டார். உங்கள் டிராப்டவுன் அப்படித்தான் காத்திருக்கிறது.

எனவே அளவுக்கு ரேடியோ பட்டன்: ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடும். பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பு அமுக்கியது மேலே எழும்பிவிடும். பெயர் வந்தது அதிலிருந்துதான். நாலைந்து விடைகளில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால், எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துவிடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைத் தொட்டாலும் பட்டன் விழ வேண்டும். அந்தச் சின்ன வட்டத்தைக் குறிபார்த்துத் தொட வைக்காதீர்கள். தொடும் இடம் ஐபோனில் 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்) இருக்க வேண்டும் என்று அந்தந்த நிறுவனங்களே வழிகாட்டியிருக்கின்றன. முகப்பில் நின்றுகொண்டு ஒரு கையில் போனைப் பிடித்திருக்கும் ஆச்சிக்கு அதுவே குறைவு.

டிசைனுக்கு ரேடியோவும் உதவாது. பட்டறைக்குள் நீங்கள் வைத்திருக்கும் டிசைன் நம்பர் வாங்குகிறவருக்கு எதையும் சொல்லாது. அவருக்குத் தெரிந்தது "நடுவில் பூ, ஓரத்தில் சிவப்பு". ஆகவே படங்கள், தொட்டால் பெரிதாகட்டும். தனிக் கல்லின் படம் மட்டும் போதாது, நாலு கல்லைச் சேர்த்துப் போட்ட படமும் வேண்டும். பல டிசைன்களில் நாலு சேர்ந்தால்தான் பூவே முழுதாகத் தெரியும்.

இனி அந்த ஸ்லைடர். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு சமையல் காண்ட்ராக்டரின் ஆப்பில், எத்தனை இலை என்பதற்கு ஸ்லைடர் வைத்தேன். 500 என்று நிறுத்தப் பார்த்தவர்களின் விரல் 487-இல் நின்றது, 512-இல் நின்றது. கடைசியில் அவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழச் சொன்னால் போதும் என்கிற இடத்துக்குத்தான் ஸ்லைடர்: ஒலி, வெளிச்சம், விலை வரம்பு. கணக்குக்கு ஆகாது.

அதைவிட, சதுர அடியைக் கேட்பதே சரிதானா? போனில் யாரும் சதுர அடி சொல்வதில்லை. "பத்துக்குப் பத்து ரூம்" என்பார்கள். அப்படியே நீளத்துக்கு ஒரு பெட்டி, அகலத்துக்கு ஒரு பெட்டி, தொட்டால் எண் கீபோர்டு. பெருக்கலை ஆப் பார்த்துக்கொள்ளும். அந்த அறைக்கு 8 இஞ்ச் என்றால் 225 கல், 10 இஞ்ச் என்றால் 144, 12 இஞ்ச் என்றால் 100. இந்த எண்ணிக்கையை மேலே சொன்ன மூன்று ரேடியோ பட்டன்களின் பக்கத்திலேயே காட்டுங்கள். மாமாவின் பாதி போன் அதிலேயே குறைந்துவிடும்.

உடைசலுக்குக் கூடுதலாக எத்தனை கல் என்பதற்குப் பிளஸ், மைனஸ் பட்டன் பொருந்தும். ஐந்தாறு தட்டில் முடிகிற எண் அது. கையால் செய்கிற கல் என்பதால் அடுத்த முறை ஊற்றும்போது நிறம் கொஞ்சம் மாறலாம் என்று அங்கேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆனால் மொத்த எண்ணிக்கையை இந்தப் பட்டனில் கேட்டுவிடாதீர்கள். 144 தடவை யார் தட்டுவது?

பார்டர் வேண்டுமா என்பதற்கு டாகிள் போடத் தோன்றும். டாகிள் வீட்டு சுவிட்ச் மாதிரி, தட்டியவுடன் வேலை நடக்க வேண்டும். கீழே "ஆர்டர் செய்" என்று தனிப் பட்டன் இருக்கிற படிவத்தில் டிக் பெட்டிதான் சரி. டிக் போட்டால் மட்டும் மூலைக்கல் பற்றிய கேள்வி கீழே திறக்கட்டும். ஏற்றுகூலி, இன்சூரன்ஸ் என்று நீங்களாக எதற்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். கேட்காததைக் கூடையில் சேர்ப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

தேதிக்கு மாதக் காலண்டர். கல் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வரையுள்ள நாட்களைத் தொட முடியாதபடி மங்கலாக்கி விடுங்கள். ஆங்கிலத் தேதிக்குக் கீழே சின்னதாகத் தமிழ்த் தேதியும் இருக்கட்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர் தை எத்தனை என்றுதான் தேடுவார்.

முகவரியில் முதலில் பின்கோடு. ஆறு இலக்கம் விழுந்ததும் மாவட்டத்தையும் மாநிலத்தையும் ஆப்பே நிரப்பலாம். 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம் என்று 36 வரியை யாரும் உருட்ட வேண்டாம். அது நிரம்பாதபோது மட்டும் மாநிலத்துக்கு ஒரு டிராப்டவுன் திறக்கட்டும். உங்கள் ஆப்பில் அதற்கு மிஞ்சும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. "பழைய வீட்டில் நாலு கல் உடைஞ்சு போச்சு, அதே டிசைன் கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். எந்தப் பட்டியலும் அவர்களுக்கு உதவாது. முதல் திரையிலேயே கேமரா பட்டன் ஒன்று வையுங்கள்: உடைந்த கல்லைப் படம் எடுத்து அனுப்பட்டும், பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலையும் வைத்து.