சின்ன வயது கேமரா ஆசை உங்களுக்கு எப்படித் தொழிலானது?

ஒரு காதுகுத்தில் அவமானப்பட்டதில் ஆரம்பித்தது.

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம் எங்கள் ஊர். எட்டாவது படிக்கும்போது மாமாவின் பழைய யாஷிகா பிலிம் கேமரா கைக்கு வந்தது. ரோலுக்கு 36 படம், கவனமாக மாட்டினால் 37. கழுவிப் பிரிண்ட் போடக் காசு வேண்டுமே! கே.ஆர்.பி. அணைக்கு சைக்கிளில் போய் நாள் முழுக்கச் சுற்றி, மூன்றே படத்தோடு திரும்பியதுண்டு.

அப்புறம் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. "வெளியாளுக்கு எதுக்குக் காசு, நம்ம பையனே எடுப்பான்" என்றார்கள். தாய்மாமன் மடி, குழந்தையின் அலறல், சீர்த்தட்டு எல்லாம் எடுத்தேன். 40 தாண்டியும் ரோல் முடியவில்லை. வயிற்றைக் கலக்கியது. பிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. ஒரு படமும் இல்லை. இப்போதும் விசேஷங்களில் அத்தை கேட்பார்: "ரோலு மாட்டியிருக்கியாடா?"

படம் நகர்த்தும்போது இடப்பக்கத் திருகும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் எனச் சொல்லித்தந்தவர் டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன். பிளஸ் டூ முடித்ததும் அவரிடமே சேர்ந்தேன். மூன்று வருடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! சலிப்பான வேலை. ஆனால் முகத்தில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பது அங்கேதான் பிடிபட்டது.

நாலு பேருக்கு என்னைத் தெரியவைத்தது தை மாத எருது விடும் விழாப் படங்கள். சோறு போடுவது கல்யாணமும் மாம்பழமும். இங்கே மாங்கூழ் ஆலைகள் நிறைய. விளம்பரத்துக்குப் பெங்களூரா ரக மாம்பழத்தைப் படமெடுக்கக் கூப்பிடுவார்கள். கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருது பாய்ந்து வரும்போது ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்க மாட்டேன், அவ்வளவுதான். மாம்பழம் எங்கேயும் ஓடாது, ஆனாலும் எருதைவிட அதுதான் படுத்தும். பளபளத் தோலில் ஜன்னல் தெரியும், என் வெள்ளைச் சட்டையும் தெரியும். கறுப்புச் சட்டை போட்டு, பக்கத்தில் தெர்மாகோல் அட்டை நிறுத்தி, ஒரு பழத்துக்கு அரை நாள் போகும்.

வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால், ஆடியையும் மார்கழியையும் கணக்கில் வையுங்கள். அந்த மாதங்களில் முகூர்த்தம் கிடையாது, லென்ஸ் வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். நான் இரண்டு ஆடிகளில் அந்த ஸ்டுடியோவுக்கே திரும்பிப் போய்ப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தேன்.