ரோமர் 9 வாசித்துக் கலங்கும் சகோதரருக்கு

சகோதரரே, ஸ்தோத்திரம். ரோமர் 9:18-இல் தேவன் தமக்குச் சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்று வாசித்ததிலிருந்து, ‘பார்வோனைப் போல என்னையும் தேவன் கடினப்படுத்திவிட்டாரோ, இனி ஜெபித்தும் பிரயோஜனம் இல்லையோ’ என்று தூக்கமே வருவதில்லை என எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் யாத்திராகமத்தைத் திறந்து பேனாவோடு உட்காருங்கள். கர்த்தர் எகிப்தின்மேல் அனுப்பிய வாதைகளில் ஒன்றான தவளைகள் 8:15-இல் ஒழிந்து கொஞ்சம் மூச்சுவிட முடிந்ததும், பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். வண்டுகள் நீங்கியதும் 8:32-இல் மறுபடியும் அதையே செய்கிறான். கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது கொப்புள வாதையில், 9:12-இல்தான் வருகிறது. மனுஷன் தானே தெரிந்துகொள்வதை வலியுறுத்தும் ஆர்மீனியஸ் வழியினர் இந்த வரிசையைத்தான் காட்டுவார்கள். எல்லாம் தேவனுடைய தீர்மானமே என்று வலியுறுத்தும் கால்வின் வழியினரோ 4:21-ஐக் காட்டுவார்கள்: மோசே எகிப்துக்குப் போய்ச் சேருமுன்பே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லியாயிற்று. என் மனம் முதல் பக்கம் சாய்கிறது. ஆனாலும் 4:21-ஐ லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் முன்குறித்தலை, அதாவது இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்பதை, அவ்வளவு உறுதியாகப் பேசியது. அதே சங்கம்தான், விசுவாசத்தின் நிச்சயத்தை இன்னும் உணராவிட்டாலும் தேவனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தங்களைத் தள்ளப்பட்டவர்களாக எண்ணிக் கலங்கக் கூடாது என்றும் எழுதிவைத்தது. உங்களை எதிரே உட்காரவைத்துச் சொன்னது போலவே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், 9-ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிடாதீர்கள். அதை எழுதின பவுலே 10:1-இல் இஸ்ரவேலரின் இரட்சிப்புக்காக ஜெபிக்கிறார். 10:13-இல் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற ‘எவனும்’ இரட்சிக்கப்படுவான் என்றுதான் இருக்கிறது. இன்று ராத்திரி அந்த வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படுங்கள்.